கூடத்தில் ஜெபம், கூடத்தில் பேரம்



இந்த ஆண்டுப் பொழிவுக்குக் 'கிறிஸ்தவக் குடும்பமும் பிள்ளை வளர்ப்பும்' என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவரிடம் சபை என்ன எதிர்பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். கைபேசியைக் கண்டிக்க வேண்டும். வெளியூர்க் கல்லூரிக்குப் போனதும் பிள்ளைகள் ஆலயத்தை விட்டு நழுவுவதைச் சொல்லி வருந்த வேண்டும். குடும்ப ஜெபத்தை மறுபடி தொடங்குங்கள் என்று முடிக்க வேண்டும். குடும்ப ஜெபத்தைப் பற்றி நானும் பேசத்தான் போகிறேன். அதன்மேல் எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆனால், ஜெபம் நின்றதால்தான் விசுவாசம் நின்றது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஜெபம் நடந்த வீடுகளிலிருந்தே பிள்ளைகள் வெளியேறியிருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தவறாமல் பாய் விரித்து முழங்கால்படியிட்ட வீட்டில் வளர்ந்தவர்கள், இன்று தங்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் மனமில்லாமல் இருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். வேதத்தை மறுத்துப் பேசுகிறவர்கள் அவர்களில் குறைவு. பெரும்பாலும் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். அக்காவுக்கு நடந்த கல்யாணம், அண்ணனுக்குப் பேசின கல்யாணம் என்று கல்யாணத்தில் வந்து நிற்பார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டின் விசுவாசம் அடுத்த தலைமுறையைச் சேருமா சேராதா என்பது, அந்த வீட்டில் கல்யாணம் பேசப்படுகிற விதத்திலும், கல்யாணத்துக்குப் பின் கணவனும் மனைவியும் நடந்துகொள்கிற விதத்திலும் பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஜெபத்தில் கேட்ட வார்த்தைகளைப் பிள்ளை அங்கேதான் சோதித்துப் பார்க்கிறது.

வீடுதான் முதல் வேதப் பள்ளி என்பது புதிய கருத்து அல்ல. உபாகமம் ஆறாம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பிள்ளைகளோடு தேவனுடைய வார்த்தைகளைப் பேசச் சொல்கிறது. அந்தக் கட்டளை ஆசாரியர்களுக்குத் தனியாக வந்தது அல்ல, இஸ்ரவேலின் பெற்றோர் எல்லாருக்கும் வந்தது. 1529-இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசமும் வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும்படியாக அமைக்கப்பட்டது. அந்த நூலைத்தான் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் தொடக்க ஆண்டுகளிலேயே தமிழாக்கினார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது. அச்சிட்ட வேதம் வந்ததும் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டியிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் இருந்த வீட்டில் வீட்டார் கூடி உட்கார்ந்தார்கள். இப்படித்தான் குடும்ப ஜெபம் நம் ஊர்களில் வேர்விட்டது.

மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் முறையை விளக்க வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஒரு கீர்த்தனை. பிறகு வேத வாசிப்பு, ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற சின்னப்பிள்ளையின் முறை வந்தால், அது திக்கித் திணறி முடிக்கும்வரை தாத்தா உட்பட எல்லாரும் காத்திருப்பார்கள். மற்ற நேரத்தில் அந்தப் பிள்ளைக்காக யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாமல், வேதப்புத்தகத்தை மட்டும் வாசிக்கத் தெரிந்த பாட்டிமாரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிப்பை அவர்களுக்குத் தந்தது இந்த முறைதான். வாசிப்புக்குப் பின் முழங்காலில் நின்று அப்பாவின் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம், அதன்பின் பெரியவர்களுக்கு ஒரு ஸ்தோத்திரம். கத்தோலிக்க வீடுகளில் மாலையில் ஜெபமாலை சொல்லுவதும் இதே வேலையைத்தான் செய்தது. பத்து மணிகளுக்கு ஒரு குரலாக அங்கே பிள்ளைகளுக்கும் முறை வந்தது.

இதில் என்னை இன்றுவரை தொடுவது அப்பாவின் ஜெபம். பகலெல்லாம் அதட்டிப் பேசுகிற மனிதர் அவர். அடைக்க முடியாத கடனையும், வயலில் தண்ணீர் இல்லாததையும், தங்கையின் நோயையும் பிள்ளைகளிடம் ஒருநாளும் வாய்திறந்து சொல்லமாட்டார். முழங்காலில் நிற்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அப்பாவுக்கும் பயம் உண்டு, அப்பாவும் ஒருவருக்குக் கீழ்ப்பட்டவர், அப்பாவும் மன்னிப்புக் கேட்கிறவர் என்பதைப் பிள்ளை அந்த நேரத்தில்தான் அறிந்துகொண்டது. ஞாயிறு பள்ளி ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இதை அவரால் கற்றுத்தர முடியாது. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியின் பாட்டும் படக்கதையும் நல்லவைதான். ஆனால் அங்கே அப்பா முழங்காலில் நிற்பதில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஜெபித்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நம்முடைய பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற முழுமையான குடும்பம், அதாவது ஜெபிக்கிற அப்பா, கீழ்ப்படிகிற அம்மா, ஆலயத்தில் வரிசையாக உட்காரும் பிள்ளைகள் என்கிற சித்திரம், பல பேரை வெட்கப்பட வைத்து ஓரத்தில் தள்ளிவிடுகிறது. விதவைத் தாய், கணவன் விட்டுப்போன பெண், வேறு மதத்தில் இருக்கிற கணவனோடு வாழ்ந்துகொண்டு தனியாக ஆலயம் வருகிற பெண், இவர்களெல்லாம் அந்தச் சித்திரத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் தீமோத்தேயுவின் வீட்டைக் காட்ட விரும்புகிறேன். தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்று பவுல் எழுதுகிறார். முதல் நூற்றாண்டுச் சபையின் அருமையான ஊழியர் ஒருவர் கலப்பு மண வீட்டுப் பிள்ளை.

நெல்லைச் சபையின் தொடக்கமும் அப்படித்தான். கிளாரிந்தா அம்மையார் தஞ்சைப் பக்கத்துப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில், மணமாகாமல் அவரோடு வாழ்ந்தவர். அந்த நிலையில் ஞானஸ்நானம் தர மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778-இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. 1785-இல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. அந்த அம்மையாரின் வீட்டை நம் சபைக் கமிட்டிகளில் ஒன்று விசாரித்திருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலித் திருச்சபை அந்த வீட்டிலிருந்துதான் பிறந்தது. ஆகவே, தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மாரே, உங்கள் வீடு குறைவீடு என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

விசுவாசம் தலைமுறை தாண்டியதற்கு நான் விரிவாகச் சொல்ல விரும்பும் உதாரணம் வேறொரு குடும்பம். ஜான் தேவசகாயம் ஐயர் தரங்கம்பாடியில் படித்து வளர்ந்தவர். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர். 1830-இல் உதவிகுரு, 1836-இல் குரு. கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். அவருடைய மகள் அன்னா. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரெல்லாம் கேட்ட காலத்தில் அந்த வீட்டில் அன்னா படித்தார். இந்துக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் கிறிஸ்துவை ஏற்ற டபிள்யூ. டி. சத்தியநாதன் அவருக்குக் கணவரானார். சென்னைக்குப் போனபின், சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் சத்தியநாதன் ஐயர் ஊழியம் செய்ய, அன்னா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வர முடியாத பெண்களை அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்ச் சந்தித்துப் பாடம் சொன்னார். தாய்மார்களுக்காக 'நல்ல தாய்' என்ற நூலைத் தமிழில் எழுதினார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணே எழுதிய ஆரம்பகால நூல்களில் அது ஒன்று. நம்முடைய சபைப் பள்ளிகளும் கல்லூரிகளும் அன்னா சத்தியநாதனைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம்.

இவர்களுடைய மகன் சாமுவேல் சத்தியநாதன், பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். அகமத்நகரில் பிராமண மரபிலிருந்து கிறிஸ்தவரான பெற்றோருக்கு 1862-இல் பிறந்த கிருபாபாய், சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தபோது சத்தியநாதன் வீட்டில்தான் தங்கினார். உடல்நலம் கெட்டு மருத்துவப் படிப்பு நின்றுபோனது. சாமுவேல் அவரை மணந்தார். நம் வீடுகளில் நோயாளிப் பெண், படிப்பை முடிக்காத பெண், வேற்று மொழிக்காரி என்று எத்தனை காரணம் சொல்லி அந்தச் சம்பந்தத்தைத் தள்ளியிருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த மருமகள்தான் 1894-இல் மறைவதற்குள் 'சகுணா', 'கமலா' என்ற இரண்டு ஆங்கில நாவல்களை எழுதினார். இந்தியப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்களில் அவை முன்னோடிகள். சாமுவேலின் இரண்டாம் மனைவி கமலா சத்தியநாதன் 1901-இல் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற இதழைத் தொடங்கினார். 1906-இல் கணவர் இறந்தபின் பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டே இதழ்ப் பணியையும் செய்தார். மகள் பத்மினி சென்குப்தா 1956-இல் தாயின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

நான்கு தலைமுறை. தேவசகாயம் ஐயர் வீட்டில் மகளைப் படிக்கவைத்தார்கள். அந்த மகள் புகுந்த வீட்டில் மனைவியின் ஊழியத்துக்குக் கணவர் இடம் கொடுத்தார். அதைப் பார்த்து வளர்ந்த மகன் தன் மனைவியின் எழுத்துக்கு இடம் கொடுத்தார். கட்டளைகளைச் சொல்லி இவர்கள் பிள்ளை வளர்க்கவில்லை என்பது என் எண்ணம். தன் தாய் தகப்பனுக்குச் சமமாக மதிக்கப்பட்டதைச் சாமுவேல் சிறுவயதிலிருந்தே பார்த்திருந்தார். வீட்டில் எடுத்த முடிவுகளே அவருக்குப் பாடமாயின.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். குடும்ப ஜெபம் நடக்கிற அதே கூடம். சுவரில் வாக்குத்தத்த வசனம். ஜெபத்துக்கு விரிக்கிற பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். வந்தவர்களில் மூத்தவர் ஒரு சின்ன ஜெபம் செய்கிறார், கர்த்தர் சித்தம் என்று தொடங்குகிறார்கள். காபி வருகிறது. அதற்குப்பின் அந்த வார்த்தை வருகிறது: "நாங்க எதையும் கேக்கல. உங்க பிள்ளைக்கு நீங்க செய்யிறத செய்யுங்க." இதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். பெண்ணின் தகப்பனார் பவுன் கணக்கைச் சொல்கிறார். எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் காபித் தம்ளரைக் கீழே வைக்கிறார். உடனே தகப்பனார் ரொக்கத்தைக் கூட்டுகிறார். மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல. முடிவில் மறுபடியும் ஜெபம், இந்த முறை ஸ்தோத்திர ஜெபம்.

கதவோரம் அந்த வீட்டின் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களை யாரும் உள்ளே போகச் சொல்வதில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மனுஷன் தேவசாயலாகப் படைக்கப்பட்டான் என்று மனப்பாட வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பிள்ளை, தன் அக்காவுக்கு விலை பேசுவதையும் அந்த விலைக்கு முன்னும் பின்னும் தேவனுடைய நாமம் சொல்லப்படுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதினைந்து ஆண்டு ஞாயிறு பள்ளிப் பாடத்தை அரைமணி நேரத்தில் அழிப்பதற்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம்.

சாதியும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பேசவேண்டிய அவசியமே வருவதில்லை. தரகர் அதைப் பார்த்துத்தான் கூட்டி வந்திருப்பார். சபைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பக்கத்தைப் புரட்டுங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை என்ற வரிக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரோ அதைக் குறிக்கும் சாடையோ இருக்கும். இது நேற்று வந்த நோய் அல்ல. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி வழக்கங்களை விட முடியாது என்று அந்தக் காலப் போராட்டத்தில் எழுதியவர்களில் நம் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை நான் உருகிப் பாடுகிறவன். இருந்தாலும் இந்த உண்மையை மறைத்துவிட்டு அவரைப் போற்ற நான் விரும்பவில்லை. அவ்வளவு பெரிய பக்தராலும் இதைக் கடக்க முடியவில்லை என்றால், இது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

சீதனம் பெண்ணுக்கு நாங்கள் கொடுக்கிற பங்கு, அதில் என்ன தப்பு என்று கேட்கிற பெரியவர்கள் உண்டு. அவர்களுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் நெடுநாள் வேறு கதை இருந்தது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் என்று கொல்லம் ஆண்டு 1092-இல் வந்த சட்டம், மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் என்றது. சீதனம் கொடுத்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். 1956-இல் அந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும், அங்கே பழைய சட்டமே செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோட்டயத்து மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில்தான் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஒரு கிறிஸ்தவப் பெண் தன் தகப்பன் வீட்டுப் பங்கைக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது; தீர்ப்பு வந்தபின் கேரளத்துச் சபைகளிலிருந்தே எதிர்ப்புக் குரல் எழுந்தது. ஆகவே, பங்கு கொடுக்க விரும்புகிறவர்கள் பங்காகவே கொடுக்கட்டும். மகள் பெயரில் பத்திரம் எழுதட்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் கையில் கொடுக்கிற ரொக்கத்துக்கு 1961-ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் ஒரே பெயர்தான், வரதட்சணை. கேட்பது மட்டும் குற்றம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்தான்.

ஆலயத்துக்குள் நாம் செய்கிற ஆராதனை இந்தப் பேரத்துக்கு முற்றிலும் எதிரானது. திருமண ஓலை மூன்று ஞாயிறு வாசிக்கப்படுகிறது. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையின் திருமண ஒழுங்கில் மணமகனும் மணமகளும் ஒரே உறுதிமொழியை எடுக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ, திருமண அருட்சாதனத்தை நிறைவேற்றுகிறவர்கள் மணமக்களே என்று போதிக்கிறது. குருவானவர் அங்கே திருச்சபையின் சாட்சியாக நிற்கிறார். பயமுறுத்திப் பெற்ற சம்மதம் செல்லாது என்று அதன் சட்டம் சொல்கிறது. இரண்டு பேர் சுயமாக, சமமாக, தேவனுக்கு முன் ஒருவருக்கொருவர் தங்களைத் தருகிறார்கள் என்பதுதான் கிறிஸ்தவத் திருமணம். அப்படித் தந்தவர்களில் ஒருவரோடு மட்டும் காரும் ரொக்கமும் சேர்ந்து வந்தால், உறுதிமொழியின் சமத்துவம் பந்தல் பிரிப்பதற்குள் கலைந்துவிடுகிறது.

அதன்பின் வருகிற வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் மனைவி கீழ்ப்படிவதைப் பற்றிய வசனத்தில் தொடங்குகிற பிரசங்கங்களை நாம் ஏராளமாகக் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்திய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிவதைச் சொல்கிறது, பின்னால் வருகிற வசனங்கள் கணவனிடம் தன்னையே ஒப்புக்கொடுக்கும் அன்பைக் கேட்கின்றன. அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற பெண்ணிடம் பொறுத்துக்கொள் அம்மா, ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லி அனுப்புகிற போதகர், அந்த வசனங்களைப் பாதியில் மூடி வைக்கிறார். நம்முடைய விவாகரத்துச் சட்டத்திலேயே கணவன் மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் போதும் என்றிருக்க, மனைவி மட்டும் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 1869-இல் எழுதிய அந்த ஏற்றத்தாழ்வு நீங்கியது 2001-இல். திருமணம் பிரியாத பந்தம் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அந்தப் பந்தத்தைக் காப்பாற்றும் பொறுப்பைப் பெண்ணின் முதுகில் மட்டும் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. அம்மா அழுது ஜெபிப்பதையும் அப்பா அடித்துவிட்டு நற்கருணை வாங்குவதையும் பார்த்து வளர்கிற பிள்ளை, திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொல்லும். அது அதோடு நின்றுவிடும்.

பிள்ளைகளிடம் வருகிறேன். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்ற கட்டளையைப் பவுல் தகப்பன்மாருக்குத்தான் எழுதினார். கொலோசெயருக்கு எழுதும்போது, அவர்கள் மனம் சோர்ந்துபோவார்கள் என்று காரணமும் சொன்னார். கேள்வி கேட்கிற பிள்ளையைப் பிசாசு பிடித்த பிள்ளை என்று நடத்துகிற வீடுகள் உண்டு. வேறு மதத்து நண்பர்கள் நல்லவர்களாக இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால், அது அன்பிலிருந்து வருகிற கேள்வி. பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, அந்த நண்பர்களின் பெயரைச் சொல்லி அன்றிரவு ஜெபித்தால் போதும். நாம் அதட்டி அடக்கினால், அந்தக் கேள்வி வீட்டுக்கு வெளியே போய்விடும்; பிள்ளையும் அதன் பின்னாலேயே போய்விடும். நரகத்தைக் காட்டி ஜெபிக்கவைத்த பிள்ளை, பயம் தெளிகிற வயதில் ஜெபத்தையும் விட்டுவிடுகிறது. அந்தப் பழக்கம் நம் வீடுகளிலும் வேதாகமப் பள்ளிகளிலும் நிற்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பிள்ளை விலகிப்போன பெற்றோர் இந்த மண்டபத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சொல். ஏலியின் மக்கள் ஓப்னியும் பினெகாசும் கெட்டுப்போனதை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதே ஏலியின் கையில் வளர்ந்த சாமுவேல் தீர்க்கதரிசியானார் என்பதையும், அந்தச் சாமுவேலின் மக்கள் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கினார்கள் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. பிள்ளைகள் நம் கையால் வார்த்து எடுக்கிற பொருள்கள் இல்லை. அவர்களுக்கும் தேவனுக்கும் இடையில் நடக்கிற காரியத்தில் நமக்குப் பங்கு உண்டு, முடிவு நம்முடையது இல்லை. விலகிப்போன மகன் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால் ஏன் ஆலயத்துக்கு வரவில்லை என்று வாசலிலேயே விசாரணை வைக்காதீர்கள். சோறு போடுங்கள். அவன் பேசுவதைக் கேளுங்கள்.

நிறைவாகச் சில வேண்டுகோள்கள். மகனைப் பெற்றவர்களே, பெண் பார்க்கப் போவதற்கு முன்பே மகனோடு உட்கார்ந்து, நகையோ ரொக்கமோ ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவுசெய்யுங்கள். அதைப் பெண் வீட்டாரிடம் உங்கள் மகனே வாய்திறந்து சொல்லட்டும். 'உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவேண்டாம். இளைஞர்களே, கைபேசியைப் பார்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பதும் சம்மதம்தான்; அந்தப் பணம் உங்கள் பெயரில்தான் வாங்கப்படுகிறது. மகளைப் பெற்றவர்களே, கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதீர்கள். மகளைப் படிக்கவையுங்கள், மகனுக்குச் சமமாக அவளுக்கும் உயில் எழுதுங்கள். ஆயர்களே, ஓலை வாசிக்கும் முன் இரண்டு குடும்பங்களையும் அழைத்து, பணம் பேசப்பட்டதா என்று நேராகக் கேளுங்கள். பேசப்பட்டிருந்தால் ஓலையை வாசிக்காதீர்கள். அதனால் சில பெரிய குடும்பங்கள் சபை மாறிப்போகலாம். போகட்டும். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைகள் சபையில் இருப்பார்கள்.